சொத்தையைக் காட்டும் சிவப்புச் சாயம்: எங்கே நம்பலாம், எங்கே கையை நிறுத்த வேண்டும்?

பெரம்பூர் வாசகரின் கேள்வி — 9 ஜூன் 2024, இரவு

டாக்டர், வணக்கம். என் அம்மாவுக்கு 58 வயது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் உணவு சிக்குகிறது, இனிப்புச் சாப்பிட்டால் கூசுகிறது என்றதால் வீட்டுக்கு அருகில் ஒரு பல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். இரவில் வலி எதுவும் இருந்ததில்லை. அங்கே பல்லைக் குடைந்த பிறகு சிவப்பாக ஒரு திரவத்தைத் தொட்டு வைத்துக் கழுவினார்கள். சிவப்பு நின்ற இடத்தை மறுபடியும் குடைந்தார்கள். இப்படியே திரும்பத் திரும்பச் செய்து, கடைசியில் நரம்பு திறந்துவிட்டது, வேர் சிகிச்சைதான் செய்ய வேண்டும் என்றார்கள். இப்போது தற்காலிகமாக அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். சிவப்பாகத் தெரிந்தது எல்லாமே சொத்தைதானா? சாயம் போடாமல் இருந்திருந்தால் நரம்பு தப்பியிருக்குமா?

10 ஜூன், காலை

இரண்டாவது கேள்விக்கு எக்ஸ்ரேயைப் பார்க்காமல் பதில் சொல்வது சிகிச்சை செய்தவருக்கும் நியாயமாக இருக்காது, உங்களுக்கும் உதவாது. முதல் கேள்விக்கு உறுதியாகச் சொல்லலாம்: சிவப்பாகத் தெரிவதெல்லாம் அகற்ற வேண்டிய சொத்தை அல்ல.

இந்தச் சாயம் கிருமியை அடையாளம் காண்பதில்லை. பல்லின் மேலோடு எனாமல். அதற்கு உள்ளே இருப்பது டென்டின். அதற்கும் உள்ளேதான் நாம் நரம்பு என்று சொல்லும் பற்கூழ் இருக்கிறது. டென்டின் என்பது கொலாஜன் நார்களின் மேல் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகிய பொருள். கிருமிகள் உண்டாக்கும் அமிலம் அந்தச் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டால் நார்கள் மட்டும் நெகிழ்ந்து நிற்கும், அந்த நெகிழ்ந்த இடத்துக்குள் சாயம் இறங்கிக்கொள்ளும். காரை உதிர்ந்த சுவரில் ஐப்பசி மழை ஊறுவதைப் போன்றது இது. காரை ஏன் உதிர்ந்தது என்பதை ஈரம் சொல்லாது. சுண்ணாம்பு இயல்பாகவே குறைவாக உள்ள நல்ல டென்டினிலும் சாயம் ஏறும், பற்கூழுக்கு மிக அருகில் உள்ள டென்டின் அப்படிப்பட்டதுதான்.

ஆகவே சிவப்பு முற்றிலும் போகும் வரை குடைவது என்று முடிவு செய்துகொண்டால், ஆழமான சொத்தையில் அந்த வழி பற்கூழில் போய் முடியக்கூடும்.

10 ஜூன், இரவு

காலையில் நேரமில்லாமல் விட்ட வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தச் சாயம் பல்லை அதிகமாகக் குடைவதற்காக வந்ததே அல்ல. டோக்கியோவில் பேராசிரியராக இருந்த தகாவோ ஃபுசயாமாவும் அவருடைய குழுவினரும் 1972இல் வெளியிட்ட ஆய்வில், சொத்தையான டென்டினில் இரண்டு அடுக்குகள் உண்டு என்பதைச் சாயத்தால் பிரித்துக் காட்டினார்கள். வெளி அடுக்கில் கிருமிகள் நிறைந்திருக்கும், அங்கே கொலாஜன் மீட்க முடியாதபடி சிதைந்திருக்கும். உள் அடுக்கு சற்று மென்மையாக இருந்தாலும் அதன் நார்கள் உயிர்ப்போடு இருக்கும், சுண்ணாம்பு மறுபடியும் படிந்து அது இறுக முடியும். வெளி அடுக்கில் மட்டும் சாயம் ஏறும், அதை எடுத்தால் போதும், உள் அடுக்கை விட்டுவிடலாம் என்பதே அவர்களுடைய எண்ணம். நிறம் மாறிய டென்டினையெல்லாம் வாரி எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இது பல்லைக் காப்பாற்றும் யோசனையாகத்தான் பிறந்தது.

அப்போது பயன்பட்டது புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் கரைத்த 0.5 சதவீத பேசிக் ஃபுக்சின் என்ற சாயம். அது புற்றுநோயை உண்டாக்கலாம் என்ற ஐயம் எழுந்ததால், பிறகு 1 சதவீத ஆசிட் ரெட் 52 என்ற சாயத்துக்கு மாறினார்கள். குராரே நிறுவனத்தின் ‘கேரிஸ் டிடெக்டர்’ இந்த வகையைச் சேர்ந்தது. இன்று பச்சை, நீலம் என்று வேறு நிறங்களிலும் சாயங்கள் கிடைக்கின்றன. நிறம் எதுவாக இருந்தாலும் ஏறும் விதம் ஒன்றுதான்.

11 ஜூன், மதியம்

வாசகர் அனுப்பிய தகவல்: “கடைசியாகப் பார்த்தபோது குழியின் ஓரங்கள் வெளுப்பாக இருந்தன, நடுவில் மட்டும் லேசான இளஞ்சிவப்பு இருந்தது, அதை எடுக்கும்போதுதான் இரத்தம் வந்தது என்று அம்மா சொல்கிறார். கண்ணாடியில் காட்டினார்களாம்.”

நல்ல தகவல். அந்த இளஞ்சிவப்பைப் பற்றித்தான் விரிவாக எழுத நினைக்கிறேன்.

11 ஜூன், இரவு

ஃபுசயாமாவின் எண்ணம் நடைமுறையில் முழுமையாக நிற்கவில்லை. கிட், ஜாய்ஸ்டன்-பெச்சல், பெய்ட்டன் ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வுகளை ஒவ்வொரு பல் மருத்துவரும் படிக்க வேண்டும். எனாமலும் டென்டினும் சேரும் எல்லையில், கருவியால் தொட்டுப் பார்த்து, இனி எடுக்க வேண்டியதில்லை என்று முடிவுசெய்த பிறகு சாயத்தைப் போட்டார்கள். சில இடங்கள் சிவந்தன, சில சிவக்கவில்லை. இரண்டு வகை இடங்களிலிருந்தும் மாதிரி எடுத்துக் கிருமிகளை எண்ணியபோது, சிவந்த இடத்திலும் சிவக்காத இடத்திலும் கிருமிகள் குறைவாகவே இருந்தன. தொட்டால் கெட்டியாக இருந்த டென்டினில், சாயம் கூடுதலாக எதையும் சொல்லவில்லை.

அதே குழுவினர் இன்னொன்றையும் காட்டினார்கள்: மென்மையாகவும் ஈரமாகவும் இருக்கும் டென்டினில் கிருமிகள் மிகுதி, கெட்டியாகவும் உலர்ந்தும் இருப்பதில் குறைவு. கருமையாக இருக்கிறதா, வெளிறியிருக்கிறதா என்பதை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. பல ஆண்டுகளாக நின்றுபோன சொத்தை கரும்பழுப்பாக இருக்கும், ஆனால் எக்ஸ்கவேட்டர் என்ற சுரண்டும் கைக்கருவியால் சுரண்டினால் கல்லைப் போல ஒலிக்கும். வேகமாகப் பரவும் சொத்தை வெளிர் மஞ்சளாக, பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும், கருவி பட்டவுடன் செதில் செதிலாக வந்துவிடும்.

1994இல் யிப், ஸ்டீவன்சன், பீலி ஆகிய மூவரும் சொத்தையே இல்லாத டென்டினிலும் சாயம் ஏறுவதைக் காட்டினார்கள். ஏறிய இடங்கள் இரண்டு: பற்கூழைச் சுற்றியுள்ள டென்டின், எனாமலை ஒட்டிய எல்லை. இரண்டுமே இயல்பாகச் சுண்ணாம்பு குறைந்த பகுதிகள். உங்கள் அம்மாவின் பல்லில் குழியின் நடுவே நின்ற இளஞ்சிவப்பை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். அது சொத்தையாக இருந்திருக்கலாம், பற்கூழை ஒட்டிய நல்ல டென்டினாகவும் இருந்திருக்கலாம். சாயத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க வழியில்லை.

12 ஜூன், காலை

இப்போதுதான் படிப்பை முடித்துப் பயிற்சியில் இருக்கும் ஒரு மருத்துவர் கேட்டிருக்கிறார்: “சார், சிவப்பை விட்டுவிட்டு அடைத்தால் உள்ளே கிருமியை வைத்து மூடியதாக ஆகாதா? ஒரு வருடம் கழித்து அடைத்த பல்லில் வலி வந்தால் நோயாளி நம்மைத்தானே கேட்பார்?”

தம்பி, இந்த அச்சம் உங்களுக்கு மட்டும் உரியது அல்ல, இந்தத் தொழில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்துவரும் அச்சம். அமெரிக்கப் பல் மருத்துவர் ஜி. வி. பிளாக் 1908இல் எழுதிய நூலில், மென்மையான டென்டினால் பற்கூழை மூடி விடுவதைவிடப் பற்கூழ் திறந்துபோவதே மேல் என்ற கருத்தைச் சொன்னார். அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பு, 1859இல், ஆங்கிலேயப் பல் மருத்துவர் ஜான் டோம்ஸ் இதற்கு நேர்மாறாக, நிறம் மாறிய டென்டினில் ஒரு படலத்தைப் பற்கூழுக்குக் காவலாக விட்டுவிடலாம், பல்லைப் பலி கொடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். பிளாக்கின் வழியில்தான் உலகம் நெடுங்காலம் நடந்தது. இன்று கிடைத்திருக்கும் சான்றுகள் டோம்ஸின் பக்கம் நிற்கின்றன.

டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் ப்யோர்ன்டால் குழுவினர் பெரியவர்களின் ஆழமான சொத்தைகளில் நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. ஒரே அமர்வில் முழுவதையும் எடுத்தவர்களில் 28.9 சதவீதம் பேருக்குப் பற்கூழ் திறந்தது, இரண்டு கட்டமாக, அதாவது முதலில் ஒரு பகுதியை எடுத்துத் தற்காலிகமாக அடைத்து, மீதியை இன்னொரு அமர்வில் எடுத்தவர்களில் 17.5 சதவீதம். ஓராண்டு கழித்துப் பற்கூழ் உயிரோடு இருந்து, வேரைச் சுற்றியும் நோயின்றி இருந்தது முறையே 62.4 சதவீதமும் 74.1 சதவீதமும். பிரேசிலில் மால்ட்ஸ் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பற்கூழின் மேல் மென்மையான டென்டினை விட்டு ஒரே அமர்வில் நிரந்தரமாக அடைத்த பற்களில் 91 சதவீதத்தில் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் பற்கூழ் உயிரோடு இருந்தது. இரண்டு கட்டமாகச் செய்தவற்றில் அது 69 சதவீதம்தான், இரண்டாவது அமர்வுக்குப் பலர் திரும்பி வராததும் அதற்கு ஒரு பெரிய காரணம். ராயபுரத்தில் சிகிச்சை பார்க்கும் எனக்கு இந்தக் காரணம் நன்றாகப் புரிகிறது, ஏனென்றால் வலி நின்றுவிட்டால் வேலையை விட்டு மறுபடியும் வருவது கூலி வேலைக்குப் போகும் மக்களுக்கு எளிதல்ல.

உள்ளே மிஞ்சிய கிருமிகளுக்கு உணவு வாயிலிருந்துதான் போக வேண்டும். மேலே காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால் அவை குறைந்துபோகின்றன, சொத்தை நின்றுவிடுகிறது. ஆகவே நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் குழியின் தரை அல்ல, குழியின் விளிம்பு. விளிம்பில் சுற்றிலும் கெட்டியான, சுத்தமான டென்டினும் எனாமலும் இருந்தால்தான் அடைப்பு ஒட்டி நிற்கும். விளிம்பில் மென்மையானதை விட்டால், உங்கள் நோயாளி ஒரு வருடத்தில் திரும்பி வருவார்.

12 ஜூன், மாலை

மேலே எழுதியதோடு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பல நாட்டு ஆய்வாளர்கள் 2015இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் கூடி, 2016இல் வெளியிட்ட ஒருமித்த பரிந்துரை இதையே சொல்கிறது: எக்ஸ்ரேயில் டென்டினின் உள் மூன்றில் ஒரு பங்கு அல்லது உள் நான்கில் ஒரு பங்கு வரை இறங்கிய சொத்தையாக இருந்து, பற்கூழ் நலமாக இருந்தால், பற்கூழின் மேல் மென்மையான டென்டினை விட்டுவிடலாம், விளிம்பில் மட்டும் கெட்டியான டென்டின் வரை எடுக்க வேண்டும். “பற்கூழ் நலமாக இருந்தால்” என்ற நிபந்தனை முக்கியமானது. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, எதுவும் சாப்பிடாமலே வரும் வலி, சூடு பட்டால் நீண்ட நேரம் நிற்கும் வலி ஆகியவை இருந்தால் கதை வேறு.

13 ஜூன், இரவு

சாயத்தை அடியோடு கைவிடச் சொல்கிறீர்களா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அப்படிச் சொல்லவில்லை. நான் எப்படிப் பயன்படுத்துகிறேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் எக்ஸ்ரேயைப் பார்த்துப் பற்கூழுக்கும் சொத்தைக்கும் நடுவே எவ்வளவு இருக்கிறது என்று மதிப்பிட்டுக்கொள்கிறேன். ஏரோட்டர் என்ற அதிவேகக் குடையும் கருவியால் வழி திறந்த பிறகு, விளிம்புகளை மெதுவாகச் சுழலும் உருண்டை பர் (குடையும் முனை) கொண்டு சுத்தம் செய்கிறேன், தரைக்குப் பர் எடுத்துச் செல்வதில்லை, கை எக்ஸ்கவேட்டர் மட்டும்தான். அதன் பிறகு மைக்ரோ பிரஷ் நுனியில் ஒரு துளி சாயத்தை எடுத்து விளிம்பைச் சுற்றி மட்டும் தடவுகிறேன். பத்து விநாடி போதும். தண்ணீரால் நன்றாகக் கழுவி, உறிஞ்சி, லேசாக உலர்த்திப் பார்க்கிறேன். எனாமலின் கூரைக்கு அடியில், நேராகப் பார்க்க முடியாத இடுக்கில் அடர் சிவப்பு நின்றால் அங்கே கருவியைக் கொண்டுபோய்ச் சுரண்டிப் பார்க்கிறேன். செதிலாக வந்தால் எடுக்கிறேன். கீறல் ஒலியோடு கெட்டியாக நின்றால், சிவப்பாகவே இருந்தாலும் விட்டுவிடுகிறேன், ஏனென்றால் அந்த எல்லையில் நல்ல டென்டினும் சாயத்தை ஏற்கும் என்பதை முன்பே பார்த்தோம். கண் தவறவிட்ட இடத்தை நோக்கிக் கையை அழைத்துச் செல்வதுதான் சாயத்தின் வேலை, தீர்ப்பு சொல்வது கையின் வேலை.

ஆழமான குழியின் தரையில் சாயத்தை வைப்பதே இல்லை. தெரிந்துகொண்டு செய்யப் போவது எதுவும் இல்லாத இடத்தில் சிவப்பைப் பார்த்துவிட்டால், எவ்வளவு அனுபவம் இருந்தாலும் இன்னும் கொஞ்சம் எடுத்துவிடலாமே என்று கை போகத்தான் செய்யும்.

முன்பற்களில் இன்னொரு எச்சரிக்கை உண்டு. சாயம் முழுவதும் போகாமல் அதன் மேல் பல்லின் நிறத்தில் இருக்கும் காம்போசிட் அடைப்பை வைத்தால், அடைப்புக்குக் கீழிருந்து இளஞ்சிவப்பு மின்னித் தெரியும். மெல்லிய அடைப்பாக இருந்தால் நோயாளி வீட்டுக்குப் போய் வெளிச்சத்தில் பார்த்தவுடனேயே தெரிந்துவிடும்.

14 ஜூன், காலை

அடர் சிவப்பு, இளஞ்சிவப்பு என்று நேற்று வேறுபடுத்தி எழுதியதற்கு ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. புரோப்பிலீன் கிளைக்கால் மிகச் சிறிய மூலக்கூறு, எளிதாக ஊடுருவும், ஆகவே சாயமும் தேவைக்கு மேல் பரவும். இதைக் கட்டுப்படுத்தவே மூலக்கூறு எடை 300 உள்ள பாலிபுரோப்பிலீன் கிளைக்காலில் கரைத்த சாயங்களை ஜப்பானில் உருவாக்கினார்கள். இவை நெகிழ்ந்த வெளி அடுக்கோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. சாயம் வாங்கும் மருத்துவர்கள் குப்பியில் கரைப்பான் எது என்று படித்துப் பார்த்து வாங்க வேண்டும். பழைய வகையில் வெளிறிய இளஞ்சிவப்பு நின்றால் அதைத் துரத்தக் கூடாது.

மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது இந்தச் சாயம் பெரிய உதவி என்பதையும் சொல்லியாக வேண்டும். பிடுங்கிய பற்களில் பயிற்சி செய்யும்போது, கையால் சுத்தம் செய்து முடித்துவிட்டேன் என்று மாணவர் நினைக்கும் இடத்தில் ஒரு துளி வைத்துக் காட்டினால், எனாமலுக்கு அடியில் அவர் விட்டுவைத்தது பளிச்சென்று தெரியும். பிறகு அதே இடத்தைக் கருவியால் தொடச் சொன்னால், மென்மை என்றால் என்ன என்பதை அவருடைய விரல் ஒருமுறையில் கற்றுக்கொள்ளும். அப்படிப் பழகிய விரலுக்குப் பின்னாளில் சாயம் அதிகம் தேவைப்படாது.

14 ஜூன், மதியம்

ஒருவர் கேட்டார்: சொத்தை இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவே, குடைவதற்கு முன்பு, பல்லின் மேல் இதைப் போட்டுப் பார்க்கலாமா?

கூடாது. கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் எப்போதும் ஏதேனும் படிந்திருக்கும், அதிலெல்லாம் சாயம் ஏறும். வெற்றிலை பாக்குப் போடும் பெரியவர்களின் பற்களிலும், இரும்புச் சத்து டானிக் குடிக்கும் குழந்தைகளின் பற்களிலும் கருங்கோடுகள் இருப்பதைப் பார்த்துச் சொத்தை என்று பயந்து வருகிறார்கள். அவற்றைப் பார்க்க நல்ல விளக்கும், பல்லைச் சுத்தம் செய்து உலர்த்துவதும் போதும். இரண்டு பற்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சொத்தைக்குப் பைட்விங் எக்ஸ்ரேதான் (பல்லைக் கடித்தபடி எடுக்கும் எக்ஸ்ரே) வழி.

15 ஜூன், இரவு

பெரம்பூர் வாசகர் எக்ஸ்ரேயை அனுப்பியிருக்கிறார். சொத்தை உண்மையிலேயே ஆழமானது, டென்டினின் உள் கால் பங்கு வரை இறங்கியிருக்கிறது. வேரின் நுனியைச் சுற்றி நிழல் எதுவும் தெரியவில்லை. இந்த அளவு ஆழத்தில், வலி இல்லாத ஒரு பல்லில், தரையை விட்டுவிட்டு விளிம்பை மட்டும் சுத்தம் செய்து அடைத்திருந்தால் பற்கூழ் பிழைத்திருக்கும் வாய்ப்பு நன்றாகவே இருந்திருக்கும் என்பது என் கருத்து. சிகிச்சை செய்தவர் அலட்சியமாக நடந்தார் என்று இதிலிருந்து முடிவு செய்ய வேண்டாம். சிவப்பு முழுவதும் போக வேண்டும் என்று பாடம் படித்தவர்கள் இன்றும் பலர் இருக்கிறார்கள், அவர் தனக்குக் கற்பித்ததை நேர்மையாகச் செய்திருக்கக்கூடும்.

இனிச் செய்ய வேண்டியதைப் பற்றி: பற்கூழ் திறந்தாலே வேர் சிகிச்சை என்பதும் இன்று கட்டாயம் இல்லை. திறந்த இடத்தில் இரத்தம் சில நிமிடங்களில் நின்று, பற்கூழ் ஆரோக்கியமாகத் தெரிந்தால், எம்டிஏ போன்ற பல் சிமெண்டை அதன் மேல் வைத்து மூடலாம், அல்லது மேல்பகுதிப் பற்கூழை மட்டும் எடுத்துவிட்டு மூடலாம். இதற்குத் திறந்த அன்றே, எச்சில் படாமல் ரப்பர் டேம் (பல்லைச் சுற்றிக் கட்டும் ரப்பர் திரை) கட்டிச் செய்வதே சிறந்தது. நாள் கடந்துவிட்டதால், இப்போது அது பொருந்துமா என்பதைப் பல்லைச் சோதித்துப் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிக்கொண்டு, எக்ஸ்ரேயையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தற்காலிக அடைப்போடு நாட்களைக் கடத்த வேண்டாம், அது கசிய ஆரம்பித்தால் இப்போது கையில் உள்ள வாய்ப்பும் போய்விடும். வேர் சிகிச்சைதான் தேவை என்று அவர்களும் சொன்னால் தயங்காமல் செய்துகொள்ளுங்கள், பிறகு அந்தப் பல்லுக்குக் கேப் போட வேண்டியிருக்கும்.

17 ஜூன், இரவு

நான்கு வயதுக் குழந்தையின் பால் பல்லில் மருந்து தடவியதும் சொத்தை கறுத்துப்போனது, இதுவும் அந்தச் சாயமா என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். அது சாயம் அல்ல, சில்வர் டைஅமைன் ஃபுளோரைடு என்ற மருந்து. பெரும்பாலும் 38 சதவீதக் கரைசலாகப் பயன்படுகிறது. அதில் உள்ள வெள்ளி கிருமிகளைக் கொன்று, சுண்ணாம்பு இழந்த இடத்தில் படிந்து கறுக்கிறது, ஃபுளோரைடு அந்த இடத்தை இறுக்குகிறது. அந்தக் கருமை போகாது, அதை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் குடையாமல், ஊசி போடாமல் சொத்தையை நிறுத்த முடிகிறது என்பதால், நாற்காலியில் உட்காரவே அழும் குழந்தைக்கு அது நல்ல வழி. கறுத்த இடம் கெட்டியாக இருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள், தேவைப்பட்டால் மறுபடியும் தடவுவார்கள்.

18 ஜூன், காலை

மருந்துக் கடையில் சிவப்பு மாத்திரை கிடைக்கிறது, அதை வாங்கி வீட்டிலேயே சொத்தையைப் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு: அந்த மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் எரித்ரோசின். பல்லின் மேல் படிந்த அழுக்குப் படலத்தை அது காட்டும், சொத்தையைக் காட்டாது. பல் துலக்கிய பிறகு மென்று கொப்பளித்து, எங்கெல்லாம் பிரஷ் படவில்லை என்று குழந்தைகளுக்குக் கண்ணாடியில் காட்டலாம். ஈறோரமும் கடைவாய்ப் பல்லின் உட்பக்கமும்தான் பெரும்பாலும் சிவந்து நிற்கும், அந்த இடங்களை மறுபடியும் துலக்கினால் சிவப்பு போய்விடும்.

18 ஜூன், இரவு — பெரம்பூர் வாசகர்

டாக்டர், இன்று காலை கல்லூரிக்குப் போனோம். குளிர் வைத்துச் சோதித்தார்கள், அம்மாவுக்குக் கூச்சம் உடனே வந்து உடனே போய்விட்டது. பற்கூழின் மேல்பகுதியை மட்டும் எடுத்துப் பார்க்கலாம், இரத்தம் நிற்காவிட்டால் வேர் சிகிச்சைக்குப் போகலாம் என்று சொல்லி, வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

18 ஜூன், இரவு

சரியான முடிவு. வியாழக்கிழமை அம்மா காலை உணவைச் சாப்பிட்டுவிட்டு வரட்டும். இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் வழக்கம்போல எடுத்துக்கொள்ளட்டும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதை முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.